பூட்டாத காரில் திருட்டு: புகாரில் ‘காணவில்லை’ என்று எழுதாதீர்கள்

கோயில் கொடை, கல்யாணம், மே மாத லீவு என்று வந்துவிட்டால் பாளையங்கோட்டைத் தெருக்களில் சென்னை, பெங்களூரு வண்டிகள் வரிசையாக நிற்கும். காம்பவுண்டுக்குள் வீட்டு வண்டி, வெளியே வேப்பமரத்தடியில் விருந்தாளி வண்டி. “பூட்டாட்டா என்ன மாப்ளே, நம்ம தெருல்லா, யாரு வரப்போறா?” என்று தார்சாவில் இருந்தபடியே மாமா சொல்லிவிடுவார். ஒன்பது மணிக்கே அடங்கிவிடுகிற, ஒருபக்கம் முட்டி நிற்கிற தெருதான் திருட்டு வேலைக்குத் தோது. வருகிறவன் கண்ணாடியை உடைப்பதில்லை. ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போவான். திறந்துகொள்கிற வண்டி அவனுக்கு.

நாங்கள் பார்த்த வரையில், பறிகொடுத்தவர்களில் பலர் பூட்டியதாகவே நம்பிக்கொண்டிருந்தவர்கள். டிக்கியிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தை இறக்கி, இரண்டு கையிலும் பையோடு நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்குவார்கள். பின்கதவில் சீட் பெல்ட் கொக்கி சிக்கியிருக்கும். கதவு முக்கால்வாசிதான் சாத்தியிருக்கும். அப்படி இருந்தால் பல வண்டிகளில் சென்ட்ரல் லாக் விழாது, விழுந்தாலும் உடனே எழும்பிக்கொள்ளும். வித்தியாசம் ஹாரன் சத்தத்திலும் இன்டிகேட்டர் மின்னுவதிலும்தான் தெரியும். திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்? அமுக்கிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

உடைந்த கண்ணாடி இல்லாததால் திருட்டு நடந்ததற்குத் தடயமே இல்லாதது போலத் தோன்றும். “நல்லா தேடிப் பாத்தீங்களா, வீட்டுக்குள்ள வச்சிருப்பீங்க” என்பதுதான் காவல் நிலையத்தில் முதலில் கேட்க வேண்டியிருக்கும். இருக்கிற கொஞ்சத் தடயமும் காலை ஆறு மணிக்குள் போய்விடும். வாசல் தெளிக்கிற தண்ணீர் கால்தடத்தைக் கொண்டுபோகும், டிரைவரின் ஈரத்துணி கைப்பிடியைத் துடைத்துவிடும். காற்றுக் காலத்தில் ஒரே இரவில் வண்டிமேல் புழுதி படியும். கதவு விளிம்பில் நான்கு விரல் இழுத்த கோடு அதில் அப்படியே தெரியும். மொபைல் டார்ச்சை நேராக அடித்தால் அது தெரியாது. பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். குளோவ் பாக்ஸ் மூடி, உள்கண்ணாடி, தண்ணீர் பாட்டில் போன்ற வழவழப்பான இடங்களில்தான் கைரேகை நன்றாக விழும். அவற்றைத் தொடாமல், பிள்ளைகளை உள்ளே ஏறவிடாமல், கதவைத் திறந்த நிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

நிலையத்துக்குக் கிளம்புமுன் போனில் முடிக்க வேண்டிய வேலை கால்மணி நேரம்தான். பர்ஸ் போயிருந்தால் முதலில் வங்கி. வை-ஃபை குறி உள்ள கார்டில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பரே இல்லாமல் கடை மெஷினில் தட்டியே செலவழிக்கலாம். திருடனுக்கு ரகசிய எண் தெரிய வேண்டிய தேவையே இல்லை. தடுக்கச் சொன்னதும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. போன் போயிருந்தால் அடுத்து சிம்மை முடக்குவது. சாவிக்கொத்து போயிருந்தால்தான் பெரிய தலைவலி: ஆர்.சி.யில் சென்னை வீட்டு முகவரி, கொத்தில் அந்த வீட்டுச் சாவி, வீட்டுக்காரர்கள் எல்லாரும் நெல்லையில். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அன்றைக்கே பூட்டை மாற்றச் சொல்லுங்கள். வண்டியின் இரண்டாவது சாவியை உள்ளேயே வைத்திருந்து அதுவும் போயிருந்தால், சர்வீஸ் சென்டரில் பழைய சாவியை நீக்கி மறுபதிவு செய்யும்வரை வண்டியைத் தெருவில் விடக்கூடாது.

இனி புகார். அவசரத்தில் எல்லாரும் எழுதுவது, “காரில் வைத்திருந்த எனது கைப்பையைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று. அந்த ஒரு சொல்லில் திருட்டு, தொலைந்ததாக மாறிவிடும். ஆவணம் தொலைந்ததற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே அறிக்கை வாங்கலாம், அங்கே போகச் சொல்லிவிடுவார்கள். அந்த அறிக்கையை வைத்து வழக்கு நடக்காது. இப்படி எழுதுங்கள்: “இன்ன தேதி இரவு 9.40 மணிக்கு வீட்டு வாசலில் நிறுத்திய இன்ன எண்ணுள்ள காரில் வைத்திருந்த கீழ்க்கண்ட பொருட்களை, மறுநாள் காலை 5.50 மணிக்குள் அடையாளம் தெரியாத நபர் என் சம்மதமின்றித் திருடிச் சென்றுள்ளார்.” கடைசியாகப் பொருளைப் பார்த்த நேரம், இல்லை என்று தெரிந்த நேரம் இரண்டும் வேண்டும். கதவு பூட்டியிருந்ததா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பூட்டாதது கவனக்குறைவுதான், ஆனாலும் திருட்டு திருட்டுதான். திருட்டு எது என்று சொல்கிற சட்டப்பிரிவில் பூட்டு பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பூட்டியிருந்ததாகப் பொய் சொல்லி, பிறகு கேமராவில் அவன் சும்மா கதவைத் திறப்பது தெரிந்தால் மொத்தப் புகாரும் ஆட்டம் கண்டுவிடும்.

பொருளுக்கு உரியவரே புகார்தாரராக இருப்பது நல்லது. உள்ளூர்ச் சொந்தக்காரர் சாட்சியாக இருக்கட்டும். சென்னைக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம்தான், ஆனால் அது இங்கே வந்து சேர்வதற்குள் கேமராப் பதிவு அழிந்துவிடும்.

பொருள்பட்டியலில் மதிப்பை விட்டுவிடக்கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில், திருடுபோனது 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் நீதித்துறை நடுவர் உத்தரவில்லாமல் காவல்துறை புலன்விசாரணை செய்ய முடியாது. “ஒரு பவர்பேங்க், ஒரு கூலிங்கிளாஸ், கொஞ்சம் பணம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். கூட்டியும் எழுத வேண்டாம். பில் உள்ள விலையை எழுதுங்கள். நகை என்றால் பவுன் கணக்கோடு பில்லில் உள்ள ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணும் வேண்டும். பில் இல்லாத பழைய நகைக்கு, விசேஷ வீட்டில் அதைப் போட்டு எடுத்த போட்டோ உதவும்.

கொடுத்ததும் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. அது மனு வாங்கியதற்கான சான்று மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். வேறு. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ஐக் குறிப்பிட்டு, மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையருக்கும், வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் தபாலில் அனுப்பலாம். சண்டை பிடிப்பதைவிட இது வேலைக்காகும்.

கேமராவுக்கு வருவோம். நான்கு கேமரா, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் உள்ள வீட்டுக் கேமராப் பெட்டியில் (டி.வி.ஆர்.) பதிவு சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகவே அழிந்து மேலே எழுதப்படும். எதிர்வீட்டு அண்ணாச்சி ஊருக்குக் கிளம்புமுன் கேட்டுவிட வேண்டும். பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுவது அபூர்வம். திரையையும் உங்கள் போனின் நேரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்தால் எத்தனை நிமிஷம் வித்தியாசம் என்பது பதிவாகிவிடும். திரையை மொபைலில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது நீதிமன்றத்தில் நிற்காது. பென் டிரைவில் மூலக் கோப்பாகவே இறக்கி, புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குக் கேட்கப்படும் சான்றிதழை, பெட்டிக்கு உரியவரிடம் காவல்துறை வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

போனுக்கு, திருடுபோன போன்களை முடக்கும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளம். போன் வந்த பெட்டியிலோ பில்லிலோ உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்), புகார் நகல், அடையாள அட்டை இருந்தால் போனை இந்தியாவில் எந்த சிம்மிலும் இயங்காமல் முடக்கலாம். இதில் எல்லாரும் தடுமாறுவது ஓ.டி.பி.யில். அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. ‘சர்வர் கோளாறு’ என்று பத்துமுறை முயலாமல் மறுநாள் செய்யுங்கள்.

ஆர்.சி., லைசென்ஸ் போனாலும் ஊர் திரும்பத் தடையில்லை. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ உள்ள பிரதி அசலுக்குச் சமம். மாற்று ஆர்.சி.க்குப் படிவம் 26, பரிவாகன் தளத்தில். திருட்டு நடந்த ஊர் எது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டி பதிவான அலுவலகத்துக்குத்தான் போகும். டி.என். 72 என்றால் திருநெல்வேலி, டி.என். 76 என்றால் தென்காசி. கடன் நிலுவையில் உள்ள வண்டிக்கு நிதி நிறுவனத்தின் சம்மதமும் கேட்பார்கள்.

கார் காப்பீட்டில் கைப்பைக்கும் லேப்டாப்புக்கும் ஒன்றும் கிடைக்காது, அதற்கென்று தனியாகச் சேர்த்திருந்தாலொழிய. வண்டியோடு பொருத்திய பாகங்களுக்கு மட்டும் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனம் கடைசியில் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்றும் கேட்கும். அது உடனே கிடைக்கிற காகிதமில்லை.

பொருள் கிடைத்தாலும் நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்கு வராது. நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படும். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின் கீழ் இடைக்கால ஒப்படைப்பு மனு போட்டு, பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ உருக்கவோ கூடாது. கூப்பிட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டும். வெளியூர்க்காரர்கள் மனுவில் கையெழுத்துப் போடும் அன்றே, அடுத்த வாய்தாவுக்கு யார் வருவது என்று உள்ளூர்ச் சொந்தத்தோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.