சதையியிலிருந்து திரிப்சின்: காந்தம் கடைசி வேலைதான்

மாட்டுச் சதையியிலிருந்து (கணையம்) காந்த நனோ துணிக்கைகளால், புரதத்தை வெட்டும் திரிப்சின் நொதியத்தைப் பிரித்தெடுப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. கொழும்பில் இதே தலைப்பை எடுக்கப்போகும் தம்பி, தங்கைகள் துணிக்கை செய்வதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரஸ், பெரிக் இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் கரைத்து, நைதரசன் ஓட அமோனியா விட்டால் காந்தம் இழுக்கும் கறுப்பு மக்னடைட் படிந்துவிடும். அதன்மேல் சிலிக்கா பூசி, அமினோபென்சமிடினை இணைக்க வேண்டும். பென்சமிடின் திரிப்சினின் தாக்குமையத்தில் (வெட்டும் இடம்) போய் உட்காரும் நிரோதி, அதாவது அதன் வேலையைத் தடுக்கும் பொருள். அதனால்தான் நொதியம் அதில் பிடிபடுகிறது; பிறகு துணிக்கையோடு சேர்த்துக் காந்தத்தால் இழுத்தெடுக்கலாம்.

பாடாய்ப் படுத்துவது சதையிதான். மடுவத்தில் (மாடு அறுக்கும் இடம்) ஈரல் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். சதையிக்குப் படம் காட்ட வேண்டியிருக்கும். ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸோடு விடியமுன் போங்கள். போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) மடுவமும் இறைச்சிக்கடையும் பூட்டு. கலண்டரைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

புதிய சதையியில் இருப்பது திரிப்சினோஜன், அதாவது இன்னும் தூண்டப்படாத திரிப்சின். அது பென்சமிடினில் சரியாக ஒட்டாது. ஆகவே முதலில் கல்சியம் சேர்த்து, பி.எச். 8 அளவில், என்டரோகைனேஸ் என்ற நொதியத்தால் அதைத் தூண்ட வேண்டும். தூண்டியதும் அடுத்த தலையிடி: திரிப்சின் தன்னையே வெட்டித் தின்னும். 1930களில் நோர்த்ரப், குனிட்ஸ் என்ற விஞ்ஞானிகள் திரிப்சினைப் படிகமாக்கியபோது சதையியைக் குளிர்ந்த ஐதான சல்பூரிக்கமிலத்தில் ஊறவைத்ததில் காரணம் இருக்கிறது: பி.எச். 3 பக்கம் அது அடங்கிக் கிடக்கும். துணிக்கையிலிருந்து கழற்றுவதற்கும் அமிலக் கிளைசீன் தாங்கல் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) போதும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கழற்றியதை அப்படியே ஐஸில் வையுங்கள்.

வாய்மொழிப் பரீட்சையில் காந்தத்தைப் பற்றிப் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். பென்சமிடின் இல்லாத வெறும் துணிக்கையில் எவ்வளவு புரதம் ஒட்டியது என்பார்கள். அந்தக் கட்டுப்பாட்டுப் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கழுவும் தாங்கலில் உப்பைக் கூட்டினால் கண்டபடி ஒட்டுவது குறையும். தூண்டிய ஆரம்பச் சாற்றின் புரத அளவையும் தொழிற்பாட்டையும் அன்றன்றே எழுதுங்கள். அது இல்லாமல் எத்தனை மடங்கு தூய்மை, எவ்வளவு மீட்பு என்று எதையும் கணக்கிட முடியாது.

அப்புறம் கைமோதிரிப்சின், சதையியிலிருந்து கூடவே வரக்கூடிய இன்னொரு நொதியம். பாப்னா என்ற அடிப்படைப்பொருளை (நொதியம் வெட்டும் பொருள்) வெட்டி வரும் மஞ்சள் நிறத்தை 410 நனோமீற்றரில் அளந்தால் திரிப்சின் மட்டுமே தெரியும். கைமோதிரிப்சின் கலப்பைப் பார்க்க 256 இல் வேறொரு அடிப்படைப்பொருளோடு அளக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடிக் கியூவெட் (அளக்கும் சிறு கலம்) அந்த ஒளியை விடாது. குவார்ட்ஸ் கியூவெட்டை ஆய்வுகூடத்தில் முதலே சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் எல்லோருக்கும் அதுதான் தேவைப்படும்.