டிஸ்சார்ஜுக்கு அப்புறம் அண்ணனைப் பார்த்துக்கொண்டது ஊர்தான்

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட அண்ணனுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளும் அடுத்து வர வேண்டிய தேதியும் இருந்தன. படுக்கைப் புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது யார், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு சிறுநீர் எடுப்பது யார், சம்பாதித்தவரே படுத்துவிட்டால் வீடு எப்படி ஓடும், இதெல்லாம் எங்கள் பாடு.

தூக்கமில்லாமல் அண்ணி துவண்டுபோனார். பக்கத்து வீட்டு அக்காதான், "மத்தியானம் நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படு" என்று வந்து உட்கார்ந்தார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மற்றவர்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களிடம் இன்ன வேலை, இன்ன நேரம் என்று நாங்கள் கேட்க ஆரம்பித்த பிறகு எல்லாம் மாறியது. ஆட்டோக்காரத் தம்பி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வந்தார், கொத்தனார் மாமா வீல்சேர் ஏற வாசலில் சாய்தளம் கட்ட வந்தார்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த தன்னார்வலர், பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்ததோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கச் சொன்னார். ஊனம் எத்தனை சதவீதம் என்று போட்ட மருத்துவச் சான்று, அப்புறம் அட்டை, அதை வைத்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. அலைச்சல்தான், ஆனால் விடாதீர்கள், அந்தப் பணம் மாதாமாதம் டியூபுக்கும் பஞ்சுக்கும் ஆகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, பக்கத்து ஊரில் வீல்சேரில் உட்கார்ந்தபடியே பெட்டிக்கடை நடத்தும் ஒருவர். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தில் பயிற்சி எடுத்தவர். அந்தச் சங்கத்தை 1981-இல் தொடங்கிய ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டவர்தான் என்று அவர் சொன்னபோதுதான் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி வைத்து முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பது, வீல்சேரில் இருக்கும்போது அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவது, டியூபை வெட்கப்படாமல் தானே போட்டுக்கொள்வது என்று எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. மருத்துவர்களும் சொன்னவைதான், ஆனால் அதே வலியில் இருந்து எழுந்த ஒருவர் சொல்லும்போது அண்ணன் கேட்டார்.

ராத்திரி முறைக்கு இன்னும் ஆள் சரியாக அமையவில்லை, நானும் அண்ணியும் மாற்றி மாற்றி எழுகிறோம். இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அது வந்தால் சந்தைக்கு நானே போய் வருவேன் என்கிறார் அண்ணன்.