கோடு விழுந்தால் நெகட்டிவ்

பென்சோடயசெபைன் குடும்பத்துத் தூக்க மாத்திரை சாப்பிட்டிருப்பாரோ என்ற சந்தேகத்தில் வரும் யூரினை முதலில் கார்டில், அதாவது பட்டை வைத்த சின்ன டெஸ்ட் அட்டையில்தான் போட்டுப் பார்க்கிறோம். சில சொட்டு விட்டு ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் அந்தக் கணக்கு உதவாது. காலையில் லேப்புக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான்; கார்டுக்குக் குறைந்தது 15 வேண்டும். குளிரில் யூரின் பட்டையில் மெதுவாக ஏறும், கோடு தாமதமாகத் தெரியும். அவசரக்காரர் அதற்குள் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார். ஹீட்டர் போட்ட அறையில் கார்டையும் சாம்பிளையும் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் உறையைப் பிரிப்பதே சரி.

கர்ப்பம் பார்க்கும் கார்டில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். இங்கே கோடு விழுந்தால் நெகட்டிவ். மங்கலாக விழுந்தாலும் நெகட்டிவ்தான்.

அந்த நெகட்டிவை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் சிக்கலே. பெரும்பாலான கார்டுகள் இந்தக் குடும்பத்தில் ஆக்ஸசெபாம் என்ற ஒன்றைக் குறிவைத்தவை; மில்லிக்கு 200 அல்லது 300 நானோகிராம் இருந்தால் பிடிக்கும். டயசெபாம் உடம்பில் நார்டயசெபாமாகவும் டெமசெபாமாகவும் மாறி, கடைசியில் ஆக்ஸசெபாம் ஆகிறது. அதனால் எளிதில் மாட்டும். குளோனசெபாம் யூரினில் 7-அமினோகுளோனசெபாமாக வருகிறது. பல கார்டுகளுக்கு அதை அடையாளம் தெரியாது. லோரசெபாம் உடம்பிலுள்ள குளுக்குரோனிக் அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியேறுவதால் அதுவும் நழுவும். சோல்பிடெமும் தூக்க மாத்திரைதான், ஆனால் பென்சோடயசெபைன் குடும்பமே இல்லை. மறுபக்கம், மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் சாப்பிடுபவருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். ஆகவே ரிப்போர்ட்டில் ‘மருந்து இல்லை’ என்று ஒருபோதும் எழுதக்கூடாது. ரிசல்ட், எந்தக் கார்டு, எந்தக் கட் ஆஃப் (கார்டு பிடிக்கும் குறைந்தபட்ச அளவு) என்பதோடு நிறுத்த வேண்டும். மருந்துச் சீட்டில் குளோனசெபாம் இருந்து கார்டு நெகட்டிவ் என்றால், ‘மாத்திரையைச் சாப்பிடாமல் விற்றுவிட்டார்’ என்று நோயாளி மேல் பழி விழும். மருந்தைத் துல்லியமாக அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பாமல் அப்படிச் சொல்வது அநியாயம். அங்கேயும் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்சைம் சேர்த்து, ஒட்டியிருக்கும் அமிலத்தைப் பிரித்த பிறகு பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீர் கலந்த சாம்பிளைக் கண்டுபிடிக்க யூரினில் வழக்கமாக இருக்கும் கழிவான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழேயும், ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.003-க்குக் கீழேயும் இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் குளிரில் சிறுநீர் தானாகவே அதிகம் போகும், அதன் மேல் நாளெல்லாம் டீ. எஸ்டேட் ஆட்களின் நீர்த்த சாம்பிளை எடுத்த எடுப்பில் ஏமாற்று என்று முத்திரை குத்த வேண்டாம். இன்னொரு நாள் காலை முதல் யூரினைக் கேட்டு வாங்கலாம். கப்பின் சூட்டை நாலு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும்: 32 முதல் 38 டிகிரி. இங்கே மெல்லிய பிளாஸ்டிக் கப் அதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும்.

எப்போது சாப்பிட்டார், இப்போது மயக்கத்துக்கு அதுதான் காரணமா என்ற கேள்விக்கு யூரினில் பதில் கிடையாது. நார்டயசெபாமின் அரை ஆயுளே, அதாவது உடம்பில் பாதியாகக் குறையும் நேரமே, 100 மணி நேரம் வரை போகலாம். நெடுநாள் சாப்பிட்டவருக்கு, நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரும். அந்தக் கேள்விக்கு ரத்தம் வேண்டும், சோடியம் ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடி டியூபில். ஜெல் டியூப் கூடாது, சில மருந்துகளை ஜெல்லே உறிஞ்சிக்கொள்ளும். இங்கே குளிர்தானே என்று ஐஸ் பேக் வைக்காமல் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் பெட்டிக்குள் வெக்கை ஏறிவிடும். சூட்டில் கிருமி பெருகினால் டியூபுக்குள்ளேயே குளோனசெபாம் 7-அமினோவாக மாறும். மூல மருந்தான குளோனசெபாமின் அளவு குறைவாகத் தெரியும். குளோனசெபாம் கேஸ் என்றால் இரண்டையும் அளக்கச் சொல்லி லேப்புக்குப் போகும் ரெக்விசிஷன் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும், ரத்தம் எடுத்த மணியோடு.