கறுத்த எண்ணெயும் டீசலாகும்

பஜ்ஜி, வடை சுட்டுச் சுட்டுக் கறுத்து, நுரை கட்டி நிற்கும் எண்ணெயைத் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள்; மறுபடி தாளிக்கவும் எடுக்காதீர்கள். வடிகட்டி, ஈரம் போக்கி, மெத்தனால் என்ற ஆல்கஹாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருள் சிறிதும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது பயோடீசல். 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது!

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. எரிபொருளுக்காக அரிசியையும் மக்காச்சோளத்தையும் எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கழிவெண்ணெயில் அந்தச் சங்கடமே இல்லை. பெரிய ஓட்டல்கள் மட்டும் போதாது, தெருவோரக் கடைகளுக்கும் நல்ல விலை கொடுத்து இந்த எண்ணெயை வாங்க ஆள் வர வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணெய் வேறொருவர் வாணலிக்குத்தான் போகும்.