லிஃப்ட் ரிப்பேரும் மாம்பழமும்: நெர்ஹாவில் ஒரு சொந்த வீடு

ஸ்பெயினில், நெர்ஹா என்ற கடலோர ஊரில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட் இருக்கிறது என்று சொன்னதும் எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அடுத்து, "நீங்க போகாதப்ப வாடகைக்கு விடுறீங்களா?" என்பார்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடலைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. அதனால் கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன்.

லாப நஷ்டம் பார்த்தால் இது வாங்கவே கூடாத வீடு. நாங்கள் இங்கிலாந்தில் இருப்பவர்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள், ஸ்பெயினும் அதில் ஒன்று) தங்கலாம். வீடு சொந்தமாக இருந்தாலும் அதே கணக்குதான். 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வசிப்புரிமை தருகிற 'கோல்டன் விசா' 2013இல் வந்தது. 2025 ஏப்ரலில் அதையும் நிறுத்திவிட்டார்கள். (எங்கள் ஃபிளாட் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது, அது வேறு விஷயம்.)

நெர்ஹா இருக்கும் ஆண்டலூசியா மாநிலத்தில் பழைய வீடு வாங்கினால் விலையில் 7 சதவீதம் வரி. நோட்டரி, பதிவகம், வக்கீல் செலவு தனி. வருடா வருடம் நகராட்சி வரி, குப்பை வரி, கட்டடப் பராமரிப்புப் பணம் எல்லாம் உண்டு. இவற்றை விட வேடிக்கையான வரி ஒன்று இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டியே வைத்திருந்தாலும், அதிலிருந்து நமக்கு ஒரு வருமானம் வந்ததாக அரசாங்கமே வைத்துக்கொள்ளும். நில ஆவணத்தில் இருக்கும் மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதம் அந்த 'வருமானம்'. அதன் மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரருக்கு 19 சதவீதம் வரி, எங்களைப் போன்ற வெளியாட்களுக்கு 24 சதவீதம். வராத காசுக்கு வரி கட்டுவது எப்படி என்று என் கணவர் இப்போதும் ஒவ்வொரு டிசம்பரிலும் புலம்புவார், புலம்பிக்கொண்டே கட்டுவார்.

சரி, கணக்கு முடிந்தது.

நெர்ஹா, மாலகா நகரிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டரில் இருக்கிறது. பின்னால் மலை, முன்னால் மத்திய தரைக்கடல். ஊர் நடுவே கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேடைக்கு 'ஐரோப்பாவின் பால்கனி' என்று பெயர். 1884 கிறிஸ்துமஸ் அன்று இந்தப் பக்கம் பெரிய பூகம்பம் வந்தது. அடுத்த மாதம் சேதத்தைப் பார்க்க வந்த மன்னர் அல்ஃபோன்சோ 12 வைத்த பெயர் அது என்பார்கள். அவருக்கு அங்கே ஆளுயரத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம்தான். ஊருக்கு வெளியே உள்ள பெரிய குகையை 1959இல் கண்டுபிடித்தவர்கள் ஐந்து பையன்கள். இதெல்லாம் பார்த்து முடிக்க ஒரு வார இறுதி போதும். எனக்குப் பிடித்த நெர்ஹா இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் மாறுவது கடிகாரம். ஸ்பெயினின் பெரும்பகுதி லண்டன் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. ஆனாலும் கடிகாரம் லண்டனை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் பெர்லின் நேரத்துக்கு மாற்றினார்கள், அப்புறம் மாற்றவே இல்லை. அதனால் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டிவிடுகிறது. மதியச் சாப்பாடு இரண்டரை மூன்றுக்கு, ராச்சாப்பாடு பத்துக்கு என்பதை சோம்பேறித்தனம் என்று நினைக்கிறவர்கள், சூரியனைப் பார்த்து மணி சொல்லிப் பார்க்கட்டும். வயிறு சரியான நேரத்துக்குத்தான் பசிக்கிறது, கடிகாரம்தான் பொய் சொல்கிறது. ஏழு மணிக்கு ராச்சாப்பாடு கேட்டு உணவகத்துக்குள் போனால் மேஜை துடைத்துக்கொண்டிருப்பவர் நம்மைப் பாவமாகப் பார்ப்பார்.

இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை சின்னக் கடைகள் மூடியிருக்கும். வந்த புதிதில் இது எரிச்சலாக இருந்தது. இப்போது நாங்களும் ஜன்னல் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, தரை டைல்ஸ் குளிர்ச்சியில் படுத்துவிடுகிறோம். அந்த டைல்ஸே ஜனவரியில் எதிரி. 'வெயில் தேசம்' என்று நம்பி வருகிறவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது: குளிர்காலத்தில் வீட்டுக்குள் வெளியை விடக் குளிரும். பழைய கட்டடங்களில் ஹீட்டிங் இருக்காது. ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டர் வாங்கி அடுப்பு மாதிரி ஒரு ஹீட்டரில் மாட்டிக்கொண்டு, காலுறையோடு உட்கார்ந்திருப்போம். மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஸஹாராவிலிருந்து தூசிக் காற்று வந்தால் பால்கனி செம்மண் ஆகிவிடும். 2022 மார்ச்சில் வானமே ஆரஞ்சாகிப்போன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காப்பி விஷயத்தில் மாலகாக்காரர்கள் நம்மவர்கள். டிகாஷன் தூக்கலா, பால் தூக்கலா என்று நாம் கேட்பதைப் போல, காப்பி-பால் அளவுக்கு ஏற்ப இவர்களிடம் ஒரு பெயர் வரிசையே உண்டு: சோலோ, லார்கோ, மித்தாத், சோம்பிரா, நூபே. நான் மித்தாத், பாதிக்குப் பாதி. கூடவே வறுத்த ரொட்டி, மேலே அரைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. காலை உணவு அவ்வளவுதான்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'இறைச்சி இல்லை' என்று சொல்லிக் கொண்டுவந்த சல்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பின் மேல் பன்றித் தொடைத் துண்டுகள் தூவியிருக்கும், அதை இவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்பிச் சாப்பிட ஆஹோ பிளாங்கோ இருக்கிறது: பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த வெள்ளை சூப், மேலே பச்சைத் திராட்சை. இன்னொன்று, பொரித்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவது. அரபிகள் கொண்டுவந்த கரும்பு இந்தக் கடற்கரையில் பல நூற்றாண்டு விளைந்தது. வயல்கள் போய்விட்டன, பாகு காய்ச்சும் ஆலை மட்டும் மேலே ஃப்ரிஹிலியானா மலைக்கிராமத்தில் இன்னும் ஓடுகிறது.

கரும்பு போன இடத்தில் இப்போது அவகாடோவும் மாமரமும். ஆமாம், மாம்பழம்! செப்டம்பர், அக்டோபரில் சந்தையில் குவியும். பெரும்பாலும் ஆஸ்டீன் ரகம். ஊதா கலந்த தோல், நார் கிடையாது. வாசனை கொஞ்சம் குறைவு, ஆனால் பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாக விற்கிற பழத்துக்கு இது எவ்வளவோ மேல். இந்த மரங்களுக்குத் தண்ணீர் தரும் வின்யுவேலா அணை 2023இல் 10 சதவீதத்துக்கும் கீழே வற்றியது. தோட்டக்காரர்கள் மரங்களை வெட்டிப்போட்டார்கள். எங்களுக்கு அந்த வருடம் வீட்டில் குழாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

கூச்சம் இன்னொரு விஷயத்திலும் உண்டு. எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் வேலை செய்யும் பெண் பக்கத்து ஊரான வேலெஸ்-மாலகாவிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாள். நெர்ஹாவில் வாடகை வீடு செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் கிடைக்குமாம். கோடையில் சுற்றுலாக்காரர்களுக்காகக் காலி செய்ய வேண்டும். 2024 ஜூனில் வீட்டு வாடகையை எதிர்த்து மாலகா தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2025 ஜனவரியில் பிரதமர் பெத்ரோ சான்செஸ், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வீடு வாங்கினால் விலைக்குச் சமமாக வரி போடலாம் என்றே யோசனை சொன்னார். எங்களைக் குறிவைத்த பேச்சுதான், ஆனால் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் சுற்றுலா வாடகைக்கு விடுவதில்லை. அதனால் மட்டும் நியாயவான்கள் ஆகிவிட்டோம் என்றும் இல்லை. பூட்டிக்கிடக்கும் வீடும் ஒரு வீடுதானே.

இதையெல்லாம் ஹோட்டலில் தங்கியிருந்தால் தெரிந்துகொண்டிருப்பேனா? எனக்கு ஸ்பெயினைச் சொல்லிக்கொடுத்தது கடற்கரை இல்லை, எங்கள் கட்டடத்தின் வருடாந்திரக் கூட்டம். சட்டப்படி ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர் சங்கம் உண்டு. அழைப்பிதழில் இரண்டு நேரம் போட்டிருக்கும்: முதல் அழைப்பு ஆறு மணி, இரண்டாம் அழைப்பு ஆறரை. முதல் அழைப்புக்குப் பாதிக்கு மேல் ஆட்கள் வேண்டும், இரண்டாவதற்கு வந்தவர்கள் போதும். அதனால் ஆறு மணிக்கு யாருமே வரமாட்டார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். லிஃப்ட் மோட்டார், முகப்பில் ஏ.சி. மாட்டலாமா கூடாதா, யாருடைய நாய். இப்போது புதிதாகச் சுற்றுலா வாடகை வேறு: 2025 ஏப்ரல் முதல் புதிதாக யாராவது தொடங்க வேண்டுமானால் ஐந்தில் மூன்று பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டால் கைகலப்பு என்று தோன்றும். எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்து, திட்டிக்கொண்ட அதே இருவர் கீழே பாரில் ஒரே தட்டு ஆலிவைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

சங்கத்தின் தலைவர் பதவி எங்கள் கட்டடத்தில் முறைவைத்து வரும். வேண்டாம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஒரு மாதத்துக்குள் நீதிபதியிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் எங்கள் முறை. ஸ்பானிஷ் அரைகுறையாகத்தான் வருகிறது, அதுவும் நாங்கள் பாதி நாள் ஊரிலேயே இருப்பதில்லை என்று மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது போதும், இங்கே யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் கம்பெனியின் ரசீதுக் கோப்பை என் கையில் கொடுத்தார்.