15,349 கிலோமீட்டரும் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சிங்கப்பூர் சாங்கியில் விமானம் ஏறி நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை பாதி உலகத்தைச் சுற்றி ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தவனை, அங்கிருந்து ஃப்ளஷிங்கில் அக்கா வீட்டுக்குப் போகும் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரில் ஓர் ஆள் மொட்டையடித்துவிட்டான். பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் "டாக்சியா?" என்று ஒட்டிக்கொண்டான், தூக்கக் கலக்கத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். 130 டாலர்! மன்ஹாட்டனுக்கே மஞ்சள் டாக்சியில் 70 டாலர்தான் (டோல், டிப்ஸ் தனி). ஃப்ளஷிங்குக்கு மீட்டர், அதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். "உள்ள வந்து கூப்பிடுறவன் பின்னாடி எவனாவது போவானாடா?" என்று அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

சரி, தூரம். இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்க்கோட்டில் 15,349 கிலோமீட்டர். இணையத்தில் கணக்குப் போடுகிறவர்கள் அதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துப் பதினேழு மணி நேரம் என்று போட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டில் இருந்தது 18 மணி 40 நிமிடம். பூமி உருண்டையில் நூல் பிடித்தால் பாதை கிட்டத்தட்ட வடதுருவத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. நாங்கள் போனதோ ஜப்பான் பக்கம் ஒதுங்கி, பசிபிக்கைத் தாண்டி. சுற்றுதான், ஆனால் முதுகில் காற்று தள்ளுகிறது; திரையில் வேகம் மணிக்கு 1,080 கிலோமீட்டர் என்று காட்டியபோது போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் காசு. இவ்வளவு தூரம் நிற்காமல் பறக்க எரிபொருளுக்கே எடை போய்விடுவதால் இந்த ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரத்துக்கான ரகம்) விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள், எகானமி வகுப்பே கிடையாது. பிரீமியம் எகானமியில் போக வர 2,800 சிங்கப்பூர் வெள்ளி. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் எகானமி உண்டு, நிறைய மிச்சம். முதுகுவலிக்காரன் என்பதால் நான் கொடுத்தேன், உங்களுக்கு இருபத்தைந்து வயது என்றால் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வீட்டு ஜன்னலில் சூரியன் உதித்ததைப் பார்த்துவிட்டு மதியம் ஏறினேன். ஜப்பானுக்கு முன்பே இருட்டிவிட்டது. பன்னிரண்டாவது மணி நேரத்தில் ஜன்னல் திரையை இரண்டு விரல் அளவு தூக்கினால் அலாஸ்கா பக்கத்தில் மறுபடி விடிகிறது, அதுவும் அதே வெள்ளிக்கிழமை! தேதிக்கோடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது. மாலை ஏழு மணிக்கு இறங்கும்போதும் வெள்ளிக்கிழமைதான்.

மறுநாள் காலை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், 1977இல் குடமுழுக்கு ஆனது. கீழ்த்தளக் கேன்டீனில் காகிதத் தட்டில் வைத்த நெய் தோசையின் ஓரம் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சாப்பிட்டேன். 130 டாலர் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

ஊர் திரும்பும்போது கியூ44 பேருந்தில் நியூயார்க்கின் ஜமைக்கா நிலையம், அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஏர்டிரெயின் என்ற ரயில். அப்போது 2.90உம் 8.50உம், மொத்தம் 11.40 டாலர்தான் ஆனது.