இடுப்பு இல்லாத யுகுலேலே

யுகுலேலே, அதாவது நாலு கம்பி கொண்ட குட்டி கிதார், என்றதும் கண்முன் வருவது எட்டு வடிவம்தான். மேலே சின்ன வளைவு, கீழே பெரிய வளைவு, நடுவில் இடுப்பு. அந்த இடுப்பில்தான் நாதமே இருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். முதன்முதலில் நான் செய்தது செவ்வகப் பெட்டி, அது கதவைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று ஒலித்ததால் நம்பிக்கை இன்னும் கெட்டியாகிவிட்டது.

கோளாறு வடிவத்தில் இல்லை, குதிரை, அதாவது கம்பிகளை மேல்பலகையில் தாங்கும் கட்டை, உட்கார்ந்த இடத்தில். சொப்ரானோ என்கிற சின்ன அளவில் கம்பி அதிரும் நீளம் சுமார் 34 செ.மீ., 12ஆவது மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் மெட்டு) கழுத்து உடலோடு சேர்ந்தால் மிச்சப் பாதியான 17 செ.மீ. உடலின் மேல்தான் ஓடியாக வேண்டும், அது முடிகிற இடத்தில் குதிரை. இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, நகர்த்தினால் மெட்டு எதிலும் சுருதி சேராது. கைக்கு அடக்கமாக இருக்கட்டுமே என்று நான் பெட்டியை 20 செ.மீ. நீளத்தோடு நிறுத்தியிருந்தேன். குதிரைக்குக் கீழே 3 செ.மீ. தான் மிச்சம். விளிம்பில் பலகை ஒட்டப்பட்டிருக்கிறது, அதன் பக்கத்தில் என்ன அசையும்? கட்டிலின் சட்டத்தை ஒட்டி உட்கார்ந்து குதிப்பதற்கும் நடுவில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதே மரம், அதே கனம், நீளம் மட்டும் 25 செ.மீ. என்று இன்னொரு பெட்டி செய்தேன். நாலு மூலையும் அப்படியே இருக்க, அது பேச ஆரம்பித்துவிட்டது.

எட்டு வடிவத்தில் இந்தத் தொல்லை தானாகவே தீர்ந்துவிடுகிறது, குதிரை கீழ் வளைவின் அகலமான பகுதியில் போய் விழுகிறது. ஆனால் அதற்கு இடுப்பு தேவையில்லை. ஹவாயில் சாமுவேல் கமாகா 1920களில் அன்னாசிப்பழ வடிவத்தில் செய்துகாட்டியது அதைத்தான்.

இடுப்பு படுத்தி எடுப்பது செய்கிறவனைத்தான். பக்கப் பலகை 2 மி.மீ. கனம், நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி மெதுவாக வளைக்க வேண்டும். மரம் இளகுவது கையில் தெரியும், திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போகும். கீழ் வளைவு வரை சந்தோஷமாக வரும். இடுப்பில் வளைவு எதிர்ப்பக்கம் திரும்புகிறது, அதுவும் இறுக்கமாக, அங்கேதான் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஹவாயில் வளரும் கோவா மரம் மாதிரி அலையலையாக ரேகை ஓடும் மரமென்றால் இன்னும் மோசம், பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு சீக்கிரம் விரியும். நான் மூன்று பலகையை உடைத்தபிறகு அன்னாசிக்கு மாறினேன்.

சரி, சத்தம்? இடுப்பை எடுத்தால் உள்ளே காற்றுக்கு இடம் கூடுகிறது, பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சுருதி இறங்குகிறது. ஆனால் துளையை மாற்றாமல் கொள்ளளவை 10 சதவீதம் கூட்டினாலும் இறங்குவது 5 சதவீதத்துக்குள்தான், ஒரு அரைச்சுரம்கூட முழுசாக வராது. மேல்பலகையின் கனத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. 2 மி.மீ. பலகையை 1.6 ஆக இழைத்தால் அதன் விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், காரணம் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குகிறது. இழைப்புளியை நாலு தரம் கூடுதலாக ஓட்டுவது வடிவத்தையே மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் கனம் புகைப்படத்தில் தெரியாது.

பிரெஞ்சு இயற்பியலாளர் பெலிக்ஸ் சவார் 1819இல் வளைவே இல்லாமல் சரிவகப் பெட்டியாக ஒரு வயலின் செய்தார். அதையும் ஒரு நல்ல வயலினையும் கண்ணில் படாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்ட குழுவால் பெரிதாக வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் யாரும் வளைவை விடவில்லை. வயலினுக்காவது வில் போய்வர இடுப்பு வேண்டும், யுகுலேலேக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து வாசித்தால் அன்னாசி தொடையில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும், இடது கை மெட்டைப் பிடிப்பதை விட்டுவிட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் இப்போது மறுபடி ஒரு எட்டு வடிவம் மேசையில் கிடக்கிறது. ஒரு பக்கம் வளைந்துவிட்டது. இன்னொரு பக்கம் நேற்றுதான் இடுப்பில் விட்டது.